இரண்டு முழம்

கொக்குகளுக்கு உழவு இயந்திரம் என்றால் பயமே இல்லை, ஐயா. மனிதர் நடந்து வந்தால் தூரத்திலேயே எழும்பிவிடும். இயந்திரம் வந்தால் அதன் மூக்குக்கு முன்னாலேயே நடந்து போய், புரளும் சேற்றில் புழு பொறுக்கும். ஆளில்லாமல் ஓடும் இயந்திரம் என்றால் இன்னும் கொண்டாட்டம். அதட்டவும் ஆளில்லை, மண்கட்டி எடுத்து எறியவும் ஆளில்லை.

முன்கண்ணை ஏன் அணைத்து வைத்தாய் என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். அதற்காகத்தான் கொக்கில் தொடங்கினேன். முன்கண் என்பது வண்டியின் மூக்கில் இருக்கும் ஒரு கருவி. குறுக்கே எது வந்தாலும் வண்டியை நிறுத்திவிடும். மனிதர், மாடு, கொக்கு என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. உழவு காலத்தில் படுவான்கரை வயல்களில் கொக்குக்கா பஞ்சம்? வண்டி ஓடியதைவிட நின்றதே அதிகம். அதனால் அணைத்தேன். என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

தாளும் பேனையும் தந்து, நானே எழுதலாம் என்றதற்கு நன்றி. முதல் தடவை நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் ஒருவர் எழுதினார். நல்ல மனிதர்தான். ஆனால் வண்டி வழி கண்டுபிடிப்பதைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தால், நான் சாத்திரம் பார்த்து உழுதவன் போல இருக்கிறது. அந்த வாக்குமூலம் பெரும்பாலும் சரி. சில இடங்களில் மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அந்த இடங்களை இங்கே நேராக்குகிறேன்.

என் பெயர் நிதுர்ஷன். பெரியகல்லாற்றுக்காரன். சில காலம் கட்டாரில் வீதிக்கு அளவு பிடித்தேன். திரும்பி வந்தபின், ஆளில்லா உழவு இயந்திரங்களை வயலுக்கு விடும் ஒரு கம்பனியில் சேர்ந்தேன். மருதடி வட்டையை என்னிடம் ஒப்படைத்தார்கள். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்வெளி. அதற்குள் கிடக்கும் ஒவ்வொரு வயல் துண்டும் ஒரு வரவை.

அந்த வட்டைக்கு விதானை கந்தப்போடி. எந்த வரவைக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு செய்வது விதானைதான். வாய்க்காலின் தலைப்பில் உள்ள மதகை, துருசு என்போம், அதில் ஒரு பலகை இருக்கிறது. அதைத் தூக்கினால் தண்ணீர் வரும், போட்டால் நிற்கும். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை நீங்கள் நம்புவது கடினம் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

சிறுபோகத்துக்கு முந்திய கூட்டத்தில் யாருக்கும் இந்த வண்டியில் நம்பிக்கை வரவில்லை. ஆளில்லாத மெசின் வரம்பை உடைத்துப் போட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எழுந்து நின்று, “ஒரு சாண் விலகினாலும் நான் இந்த வட்டைக்குள்ள கால் வைக்க மாட்டன்” என்றேன். யாரும் என்னிடம் கேட்காத சத்தியம் அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு எல்லோரும் கைதட்டியதில் எனக்கு அது உறைக்கவில்லை.

கந்தப்போடியும் எழும்பினார். “படிச்ச புள்ள. சொன்னாச் சொன்னதுதான். இவனுக்கு நான் பொறுப்பு” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது கம்பத்தைப் பற்றி. செய்மதிகள் மேலிருந்து அனுப்பும் சைகையை வைத்துத்தான் வண்டி தான் நிற்கும் இடத்தை அறிகிறது. ஆனால் அந்தச் சைகை காற்றைக் கடந்து வரும்போது கொஞ்சம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தோடு உழுதால் வரம்பும் மிஞ்சாது, வாய்க்காலும் மிஞ்சாது. அதனால் தரையில் ஒரு கம்பம் நட்டு, அதன் தலையில் ஒரு கருவி பூட்டுவோம். அந்தக் கம்பம் எங்கே நிற்கிறது என்பதை முன்கூட்டியே அளந்து அதற்குச் சொல்லி வைத்திருப்போம். செய்மதி ஒன்று சொல்லும், கம்பத்துக்குத் தன் இடம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது வண்டிக்கு அனுப்பும், வண்டி தன்னைத் திருத்திக்கொள்ளும். கம்பம் அசையாமல் நிற்கும்வரை வண்டி விரற்கடை பிசகாது. கம்பத்தை நகர்த்திவிட்டு அதற்குச் சொல்லாமல் விட்டால், வண்டியும் அதே பக்கம், அதே அளவு நகர்ந்து உழும். அதற்குத் தன் பிழை தெரியாது. திரையில் எல்லாம் பச்சையாகவே காட்டும்.

கம்பத்தை மருத மரத்தடியில் நட்டிருந்தேன், காவல் குடிசையான வாடிக்குப் பக்கத்தில். அதே மரத்தடியில்தான் வட்டைக்காரரின் வைரவர் கல்லும் இருக்கிறது. உழவு தொடங்க முன் அங்கே பொங்குவார்கள். அந்தப் பொங்கலன்று, கம்பம் சாமிக்கு நேர் முன்னால் நிற்கிறது என்று யாருக்கோ பட்டிருக்கிறது. கிளப்பி, இரண்டு முழம் தெற்கே தள்ளி, சீமெந்து போட்டு, முன்பு நான் நட்டதைவிட உறுதியாக நட்டு, மாவிலையும் கட்டிவிட்டிருந்தார்கள். செய்மதி ஆகாயத்தில் அல்லவா இருக்கிறது, கீழே ஒரு கம்பம் கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன என்பது அவர்கள் கணக்கு. பார்க்கப்போனால் நியாயமான கணக்குத்தான்.

அவர்கள் எனக்குத் தெரியாமல் நகர்த்திவிட்டதாக முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். அது ஒரு விலகல். கந்தப்போடி என்னிடம் கேட்டார். நான் வாடிக்குப் பின்னால் கம்பனியோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வந்து, “மனே, கம்பத்த ரெண்டு முழம் அரக்கி வெச்சாப் பறுவாயில்லயா? சட்டலைட் மேலதானே கிடக்கு” என்றார். நான் காதிலிருந்த தொலைபேசியை எடுக்காமலே ஓம் என்று தலையாட்டினேன். அவர் கேட்டது என்னவென்று, உழவு பாதியைத் தாண்டியபிறகுதான் எனக்குப் புரிந்தது.

வடக்கு ஓரங்களில், மம்பட்டியால் கொத்த வேண்டிய உழாத நிலம் வழக்கத்தைவிட அகலமாக மிஞ்சியிருந்தது. தெற்கு ஓரங்களில் வண்டி வரம்பை உரசியிருந்தது. “வடக்கால கொத்துறதுக்குக் கனக்கக் கிடக்கே தம்பி” என்று ஒருவர் சொன்னார். அந்தப் பக்கம் மண் இறுக்கம் என்று சொல்லி அனுப்பினேன். பிறகு மரத்தடிக்குப் போய்க் கம்பத்தைப் பார்த்தேன். மாவிலை காய்ந்திருந்தது.

அன்றே திருத்தியிருக்கலாமே என்பீர்கள். கருவிக்குப் புதிய இடத்தைச் சொல்வது ஒரு வெற்றிலை மெல்லும் நேரத்து வேலை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பாதி வட்டை இரண்டு முழம் விலகி உழப்பட்டிருக்கிறது. மீதியைச் சரியாக உழுதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் அந்த இரண்டு முழம் கண்ணில் குத்தும். ஒரு சாண் விலகினாலும் கால் வைக்க மாட்டேன் என்றவன் நான். முழுவதையும் ஒரே அளவு விலக்கி உழுதுவிட்டால், எதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால் அப்படியே விட்டேன். ஒவ்வொரு வரவையாக உழுது முடிக்க முடிக்க, நான் வெளியே வரும் வழியையும் சேர்த்தே உழுதுகொண்டிருந்தேன் என்பது உண்மை. இரவில் கண்ணை மூடினால் கம்பம்தான் தெரியும். யாரிடமாவது சொல்லலாம் என்றால், சொல்லக்கூடிய ஒரே ஆள் எனக்காகப் பொறுப்பு நின்றவர்.

ஒரே ஒரு இடத்தில்தான் ஆபத்து இருந்தது. தெற்கு எல்லையில் வாய்க்கால் வரம்பை ஒட்டிய கடைசி வரவை. மற்ற வரவைகளில் வண்டி வரம்பிலிருந்து நன்றாகத் தள்ளித் திரும்பும்படி வைத்திருந்தேன். அந்த வரவைக்காரர் கொத்துவதற்கு ஆளில்லாதவர் என்பதால், ஒரு முழம் மட்டும் விட்டு உழும்படி வைத்திருந்தேன். ஒரு முழ இடைவெளியில் இரண்டு முழம் விலகினால் என்ன ஆகும் என்பதற்குக் கட்டாருக்குப் போய்ப் படிக்கத் தேவையில்லை. அந்த வரவையை மட்டும் நானே ஏறி இருந்து கையால் ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

அன்று ஊர்க் கண்ணகை அம்மனுக்கு வருடத் திருவிழா தொடங்கிக் கதவு திறக்கும் நாள். மத்தியானத்தோடு வட்டை வெறிச்சோடிவிட்டது. தூரத்தில் பறைமேளமும் ஒலிபெருக்கியும் கேட்டுக்கொண்டிருந்தன. உழவு முடிந்ததும் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பதால் கந்தப்போடி மட்டும் நின்றார். நான் வண்டியில் ஏறி ஓட்டத் தொடங்கினேன். அவர் வரம்பில் நின்று சிரித்தார்.

“என்ன மனே, நீ ஏறி இரிக்காய்? உன்ட புள்ளைக்கு இண்டைக்குக் கண் தெரியல்லயா?”

வண்டியைப் பிள்ளை என்றுதான் அவர் சொல்வார். பகிடிதான், அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு முகம் சுட்டது. ஏன் கையால் ஓட்டுகிறேன் என்று சொன்னால் கம்பத்தையும் சொல்ல வேண்டி வரும். இறங்கினேன். பொத்தானை அழுத்தினேன். வண்டி தன்பாட்டில் போனது.

அவருக்குச் சந்தோசம். வாய்க்கால் வரம்பில் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி, வெறும் வாய்க்காலுக்குள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து வெற்றிலைப் பையை எடுத்தார். போகம் முழுவதும் இந்த வண்டியைப் பார்த்திருந்தவர். வரம்புக்கு இங்கால் அது திரும்பிவிடும் என்று அவருக்குத் தெரியும். மாடு பூட்டியவன் உழுதிருந்தால் அவர் அப்படி முதுகு காட்டி உட்கார்ந்திருக்க மாட்டார்.

நான் மருத மர நிழலில் நின்றேன். விதானையார், அங்கால போங்க என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் ஏன் என்று கேட்பார். அந்த ஏன் என்ற சொல்லுக்கு எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. வண்டி இரண்டு தடவை போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தெற்கே கிட்டியது. ஒருவேளை வரம்பு தாங்கும், ஒருவேளை அவராகவே எழும்புவார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

வரம்பு தாங்கவில்லை. வண்டியின் சக்கரம், அந்த இரும்புச் சில்லு, ஏறியதும் மண் சரிந்து, வண்டி பக்கவாட்டில் வாய்க்காலுக்குள் சாய்ந்து தானாகவே நின்றது. நான் ஓடிப் போனேன். அவர் வாய்க்கால் அடியில் சேற்றில் பாதி படுத்த மாதிரிக் கிடந்தார். தொடைக்குக் கீழே கால்கள் சில்லுக்கடியில். ஆனால் அடியில் நல்ல சேறு, எலும்பு முறிந்த மாதிரித் தெரியவில்லை. முகம் வெளிறியிருந்தது, பேச்சுத் தெளிவாக இருந்தது. அவர் உடனே இறந்துவிட்டார் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னது சரியல்ல.

“மம்பட்டி அங்க கிடக்கு மனே. சேறுதானே, காலடியத் தோண்டு, நான் இழுத்துக்குவன்” என்றார்.

ஆள் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனேன். கம்பத்தின் புதிய இடத்தை ஒழுங்காக அளந்து கருவிக்குச் சொன்னேன். ஆட்கள் வந்தால் முதலில் கம்பனிக்குச் சொல்வார்கள், கம்பனி முதலில் கம்பத்தைத்தான் பார்க்கும். அவசரத்தில் அளந்தாலும் பிசகில்லாமல் அளந்தேன். அது முடிந்ததும் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இனி வரம்பு பலவீனம், மண் சரிந்து வண்டி வழுக்கியது, அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது அவர் யோசித்து முடித்திருந்தார். மனிதருக்கு அப்படிக் கிடக்கும்போது யோசிக்க நேரம் இருக்கும்.

“அந்தக் கம்பம் அரக்கினதுதானா மனே? நான் கேக்கக்க நீ ஓம் எண்டாயே.”

கோபமாகக் கேட்கவில்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரிக் கேட்டார். நான் குந்தியிருந்து, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் சத்தியத்தையும் நினைவுபடுத்தினேன். இது தன் பிழை என்று அவரே சொன்னால் இரண்டு பேருக்கும் நல்லது என்றேன்.

“ஓம் மனே, சொல்றன். நான்தானே அரக்கினன். வண்டிக்குக் குறுக்க வந்ததும் நான்தான் எண்டு சொல்றன். என்ட புள்ளைகள்மேல ஆணை. நீ இப்ப தோண்டு.”

அவர் உடன்பட்டார், ஐயா. உடனே உடன்பட்டார். அதுதான் எனக்கு இடித்தது. சில்லுக்கடியில் கிடக்கும் ஒருவர் எதற்கும் ஓம் என்பார். வெளியே இழுத்துவிட்டு, காலில் கட்டுப் போட்டு, வீட்டில் சாய்மனைக் கதிரையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்கும்போது அந்த ஓம் நிற்குமா? நிற்கும் என்று ஒரு மனம் சொன்னது. அவர் சொல்லை மாற்றுகிறவர் அல்ல. ஆனால் பிறகு வாழ்நாள் முழுவதும், வட்டைக்குள் அவர் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் அந்த இரண்டு முழம் இருக்கும். அவர் யாருக்கும் சொல்லமாட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும். அதை என்னால் சுமக்க முடியாது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து, எனக்குப் பயம் என்று நினைத்துவிட்டார். என்னைத் தேற்றினார்.

“பயப்புடாத மனே. பலகை மூடித்தான் கிடக்கு. நான் போய்த் தூக்காம ஒரு சொட்டுத் தண்ணி இதுக்குள்ள வராது. ஆறுதலாத் தோண்டு.”

தண்ணீர் முறைப்படி வந்தது என்று நான் முன்பு சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதி, வழக்கை விபத்து என்று கட்டி வைத்தீர்கள். அன்று பின்னேரம் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் என்று முடிவு செய்தவர் கந்தப்போடிதான். அந்த அளவில் அது முறைதான். ஊர்க்காரரைக் கூட்டி வந்து, அவரை முதலில் தோண்டி எடுத்தவனும் நான்தான். நகம் பிய்யத் தோண்டினேன். பலர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அழுதேன், அந்த அழுகையில் பொய் இல்லை.

அவருடைய எட்டாம் நாள் சடங்குக்கும் போனேன். போகாமல் இருந்தால் தப்பாகப் படும். அவருடைய மகள் ஆர்த்திகா, ஆசிரியை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு வந்தவள், முற்றத்தில் நடுவாக நின்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

“அப்பா மெசினுக்குக் கீழ கிடந்தாரெண்டா, பலகையத் தூக்கினது ஆரு?”

அந்த வட்டையில் விதானை தவிர வேறு யாரும் பலகையைத் தொட மாட்டார்கள். தொட்டால் தண்ணீர்ச் சண்டை வரும் என்பதற்காக வந்த பழக்கம் அது, இப்போது கையில் ஊறிவிட்டது. தாகத்தில் வயல் வெடித்தாலும் அவரைத் தேடிக்கொண்டுதான் போவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் இல்லை, நான் இல்லை என்று ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். சுற்றி வந்து எல்லாக் கண்ணும் என்னில் நின்றது. செய்மதி, கம்பம், சில்லு, சேறு எல்லாவற்றையும் யோசித்த எனக்கு, அந்தப் பலகைக்கு அவர் ஒருவரே கை என்பது நினைவுக்கு வரவில்லை. அவரே சொல்லியிருந்தும் வரவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

ஆகவே எழுதுகிறேன். மம்பட்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அவரிடம் சொன்னேன். எடுத்துக்கொண்டு, வரம்பு வழியே துருசுக்கு நடந்தேன். அவர் ஏதோ கூப்பிட்டார். கோயில் பக்கம் மேளம் உச்சத்தில் இருந்தது. பலகை பாரமாக இருந்தது, மம்பட்டிக் காம்பைக் கொடுத்து நெம்பித் தூக்கினேன். தண்ணீர் ஆறுதலாகத்தான் போனது. வாய்க்கால் முழுக்கக் கொக்குகள் நின்றன, தண்ணீர் காலுக்கு வந்தபோதும் எழும்பவில்லை. நான் அங்கேயே துருசுக் கட்டில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடும் சத்தம் நின்றபிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மன் கோயிலுக்கு ஆள் கூட்டி வரப் போனேன். கந்தப்போடியைக் கொன்றது நான். வண்டியும் இல்லை, வரம்பும் இல்லை.

உண்மையை எழுதினால் எனக்கு உதவி செய்வதாகச் சொன்னீர்கள். நான் ஓம் என்றேன். இந்த அறைக்குள் இருக்கும் ஒருவன் வேறு என்ன சொல்வான் என்று உங்களுக்கும் தெரியும், அதனால் உங்களை நான் குறை சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரேயொரு வேண்டுகோள்தான். கம்பனி அந்தக் கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போவதற்கு முன், அளக்கத் தெரிந்த ஒருவரை மருதடி வட்டைக்கு அனுப்புங்கள். நான் கடைசியாகச் சொல்லி வைத்த இடத்தில்தான் அது நிற்கிறது. ஒரு சாண் என்ன, ஒரு விரல்கூட விலகியிருக்காது என்பதையும் இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.